கோடை ஆய்வில் கைடு என்னதான் செய்கிறார்?

செமஸ்டர் தேர்வு முடியப்போகிற சமயம், மதுரையில் எந்தக் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "சம்மர் ப்ராஜெக்ட் கிடைச்சிருச்சா? எந்த சார்கிட்ட? சர்டிபிகேட் தருவாங்களா?" அந்த சார் என்ன செய்வார், இரண்டு மாதம் கழித்து மாணவனிடம் என்ன மாறியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் வேறு மாதிரிக் கேள்வி. "சம்பளம் உண்டா? இல்லேன்னா எதுக்கு இந்த வெயில்ல அலையிறே?" ஆசிரியர்களிலும் சிலர், மாணவனை லேபில் உட்காரவைத்துவிட்டுக் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் வழிகாட்டல் என்று நினைக்கிறார்கள். இளநிலைப் பட்டம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற நல்ல வாய்ப்புகளில் இது ஒன்று, அது இப்படிப் பாதி புரிந்து பாதி புரியாமல் வீணாகிறது. அதனால் ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வது போல அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோடை ஆய்வு என்றால் என்ன

பி.எஸ்சி., பி.ஏ., பி.இ. படிக்கிற ஒருவர் விடுமுறையில் சுமார் இரண்டு மாதம் ஒரு ஆய்வுக்கூடத்திலோ துறையிலோ இருந்து, ஒரு ஆசிரியரின் பொறுப்பில், விடை இன்னும் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கேள்வியை எடுத்து வேலை செய்வது. அவ்வளவுதான். அந்த ஆசிரியரைத்தான் நாம் கைடு என்கிறோம், அவர் செய்யும் வேலைக்கு வழிகாட்டல் என்று பெயர்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969-லேயே இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது, அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இதற்கென்றே பணம் கொடுக்கிறது. நம் நாட்டில் பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. நமக்குப் பக்கத்தில் என்றால், 1899-ல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இயற்பியல் மாணவர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்தி வந்திருக்கிறது. இவை தவிர, எந்த விளம்பரமும் இல்லாமல், தன் கல்லூரி மாணவர் இரண்டு மூன்று பேரைக் கோடையில் கூப்பிட்டு வைத்து வேலை பழக்குகிற ஆசிரியர்கள் மதுரையில் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

லேப் வகுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

கல்லூரி லேப் வகுப்பில் விடை முன்பே தெரியும். டெமான்ஸ்ட்ரேட்டருக்குத் தெரியும், சீனியருக்குத் தெரியும், போன வருஷத்து ரெக்கார்ட் நோட்டுக்கும் தெரியும். ப்யூரெட் ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து டேபிளைப் பார்த்துக் கொஞ்சம் 'சரிசெய்து' எழுதுகிறோம். அப்சர்வேஷன் நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் திட்டு, ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதிக் கோடு போட்டால் மதிப்பெண். நான்கு செமஸ்டர் இப்படிப் பழகிய ஒரு பிள்ளைக்கு மனதில் என்ன பதிந்திருக்கும்? எதிர்பார்த்த எண் வராவிட்டால் அது என் தப்பு, அதை மறைக்க வேண்டும் என்பதுதான்.

ஆய்வில் நேர் எதிர். விடை கைடுக்கே தெரியாது. எதிர்பார்க்காத எண் வந்தால் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஆய்வுப் பதிவேடு என்று ஒன்று வைப்பார்கள், அதாவது செய்ததையும் கண்டதையும் அந்த நிமிஷமே தேதி போட்டு எழுதும் நோட்டு. அதில் அடித்தால் ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும், ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. அழகு தேவையில்லை, உண்மை போதும். நான்கு செமஸ்டர் பழக்கத்தை எட்டு வாரத்தில் மாற்றுவதுதான் கைடின் முதல் வேலை, அது கருவியைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டமான வேலை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கோடை ஆய்வில் விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டப் பழகாத ஒரு மாணவர் இருக்கிறார், இடையில் ஒரு ஆசிரியர் இருக்கிறார்.

கிணற்றில் நீச்சல் பழக்குவது

அந்த ஆசிரியர் செய்வது என்ன என்று புரிய, மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம். மாமாவோ சித்தப்பாவோ முதலில் தண்ணீருக்குள் இறங்குவார். நம் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துக் கை கால் அடிக்கச் சொல்வார். முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டியிருக்கும். ஒரு நாள், நமக்குத் தெரியாமல், கையைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்வார். நாம் இன்னும் கை இருக்கிறது என்ற நினைப்பில் அடித்துக்கொண்டே போவோம். மூழ்கப் போனால் மட்டும் தூக்குவார். அப்புறம் கேனைக் கழற்றுவார், அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பார், ஆனால் கிணற்றைவிட்டு மட்டும் போகமாட்டார்.

மூன்று விதமாக இது கெட்டுப்போகும். தூக்கிப் போட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விடலாம், மேட்டில் நின்றுகொண்டு காலை அடி காலை அடி என்று கத்திக்கொண்டே இருக்கலாம், இல்லை பயத்தில் கையை எடுக்காமலே இருந்துவிடலாம். மூன்றிலும் பிள்ளை நீச்சல் பழகாது. கோடை ஆய்வில் நடக்கும் தவறுகளும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூவர், 3, 4, 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு கட்டும்போது கூட இருந்து உதவும் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனித்தார்கள். அதே ஆசிரியர், அதே கட்டைகள். 3 வயதுக் குழந்தையை வேலைக்குள் இழுத்து வைப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது, 4 வயதுக் குழந்தைக்குத் தப்பைச் சுட்டிக்காட்டினார், 5 வயதுக் குழந்தை தானே கட்டிவிட்டுச் சரியா என்று கேட்டபோது தலையாட்டினால் போதுமாக இருந்தது. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடுத்து, அவர் வளர வளரக் குறைத்துக்கொண்டே வரும் இந்த உதவிக்கு, கட்டடம் கட்டும்போது கட்டுகிற சாரத்தை வைத்து, கல்வித்துறையில் சாரம் (scaffolding) என்று பெயர். நல்ல கைடு எட்டு வாரத்துக்குள் இந்த மூன்று ஆசிரியராகவும் இருக்கிறார்.

உண்மையில் எட்டு வாரத்தில் நடப்பது

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வேதியியல் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், "மதுரை நிலத்தடி நீர் மாசைப் பற்றி ஆய்வு செய்யணும் சார்" என்று வருகிறார். ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்தத் தலைப்பில் பத்துப் பேர் பத்து வருஷம் வேலை செய்யலாம். கைடு செய்யும் முதல் காரியம் அதை நறுக்குவது. எந்த ஏரியா? எதை அளப்பாய்? உன்னிடம் என்ன கருவி இருக்கிறது? எத்தனை போரில் (போர்வெல்லில்) தண்ணீர் எடுக்க முடியும்? இப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் "எங்கள் தெருவில் உள்ள போர்களில் ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் கடினத்தன்மை கூடுகிறதா?" என்ற அளவுக்கு வந்து நிற்கும். கடினத்தன்மை என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே அதற்குக் காரணம். இதுதான் ஆய்வுக் கேள்வி: இருக்கிற நாளில், இருக்கிற கருவியில், ஆமாம் இல்லை என்று பதில் தேடக்கூடிய கேள்வி. கைடே தலைப்பைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்திருக்கலாம், ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் நறுக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த இரண்டு மாதத்தில் அந்த மாணவிக்குக் கிடைக்கிற பெரிய சொத்து என்பேன்.

சின்னக் கேள்வி என்றால் சாதாரணக் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவாலுக்கு வெளியே இருட்டியது எப்படித் தெரியும்? கூட்டமாக வௌவால்கள் வாழும் குகையில் வைத்தபோது, அந்தக் கூண்டு வௌவால் மற்றவை பறக்கும் நேரத்தோடு ஒத்துப்போனது. கூட்டம் இல்லாத இடத்தில் அதன் நேரம் மெல்ல விலகிப்போனது. கூட்டத்தை வைத்தே அது நேரம் அறிகிறது என்று உலகத்துக்குச் சொன்னது மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குகை. கேள்வி சரியாக இருந்தால் ஊர் சின்னதாக இருப்பது ஒரு குறையே இல்லை.

சரி, மாணவிக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் கை வயிற்றுக்கடியில் இருக்கும் காலம். கடினத்தன்மை முன்பே தெரிந்த கரைசலைக் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். இ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான், அதாவது எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயம் சேர்த்த தண்ணீரில் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சிவந்த நிறம் நீலமாக மாறும் அதே பழைய சோதனை. தெரிந்ததை ஏன் அளக்க வேண்டும் என்று மாணவிக்கு எரிச்சல் வரும். தெரிந்த தண்ணீரில் அவர் கை தரும் எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாவிட்டால், தெரியாத தண்ணீரில் வரும் எண்ணை நம்ப முடியாது. இதற்குச் சரிபார்ப்புச் சோதனை என்று பெயர். பழைய பஃபரில் (அமில காரத் தன்மை மாறாமல் வைக்கும் கரைசலில்) அம்மோனியா ஆவியாகிப் போயிருந்தால் நிறம் பளிச்சென்று மாறாது என்பதையெல்லாம் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுப்பார். அந்த அக்கா யார் என்று அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாம் வாரத்தில் ஏதாவது ஒன்று இடறும், எந்த ஆய்வானாலும் இடறும். இந்த மாணவி திங்கட்கிழமை பிடித்து வந்த தண்ணீரில் லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்று வந்தது, குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை போகலாம், ஆக இது உச்சியைத் தொடுகிற எண். வெள்ளிக்கிழமை அதே பாட்டிலை மறுபடி அளந்தால் 510. மாணவிக்குப் பகீர் என்கிறது. பழைய பழக்கம் என்ன சொல்லும்? இரண்டாவது ரீடிங்கை எழுதாதே என்று சொல்லும்.

கைடு தன் முழுத் திறமையையும் காட்ட வேண்டிய இடம் இதுதான். காரணம் அவருக்கு அநேகமாக ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். சொல்லிவிட்டால் கையைப் பிடித்து அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டது போலத்தான், மாணவிக்கு நீச்சல் வந்திருக்காது. அதனால் அவர் கேட்பார்: "என்ன எதிர்பார்த்த? என்ன வந்துச்சு? ரெண்டு நாளுக்கும் நடுவுல எதெது மாறியிருக்கலாம்?" மாணவி ஒவ்வொன்றாகச் சொல்வார். கை தப்பியிருக்கலாம், சரி, தெரிந்த கரைசலை மறுபடி அளந்து பார். அளந்தால் சரியாக இருக்கிறது. கரைசல் கெட்டிருக்கலாம், புதிதாகப் போடு. அதுவும் அதே எண்தான். அப்படியானால் தண்ணீரே மாறியிருக்குமோ? பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம். வைத்திருந்த தண்ணீரிலிருந்து கால்சியம் கார்பனேட் படிந்துவிட்டது, கரைந்திருந்த கால்சியம் குறைந்துவிட்டது. இனிமேல் தண்ணீரைப் பிடித்த அன்றே அளக்க வேண்டும், இல்லை அமிலம் சேர்த்து வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு மாணவியே வருவார். இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிஷம், தேடவிட்டால் இரண்டு நாள். இரண்டு நாளைக் கொடுக்க மனம் இருப்பவர்தான் கைடு.

ஐந்து, ஆறாம் வாரத்தில் எந்தப் போரை விடலாம், எத்தனை முறை அளக்கலாம் என்ற முடிவெல்லாம் மாணவியிடம் போய்விட வேண்டும். கடைசி இரண்டு வாரம் எழுத்து. எழுதியதை கைடு சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்லி, துறையில் பத்துப் பேர் முன்னால் பேசவைத்து முடிப்பார். ஆழத்துக்கும் கடினத்தன்மைக்கும் சம்பந்தம் இல்லை என்று விடை வந்தாலும் அது விடைதான். ரிசல்ட் வரவில்லை என்று தலையைத் தொங்கப்போட அதில் ஒன்றுமில்லை.

சுருக்கமாக: கேள்வியை நறுக்குவது, அளவைச் சரிபார்க்கப் பழக்குவது, இடறும்போது பதிலுக்குப் பதிலாகக் கேள்வி கொடுப்பது, முடிவெடுக்கும் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுவது.

அந்த அக்கா யார்

பல ஆய்வுக்கூடங்களில் பேராசிரியர் நாள் முழுக்க மாணவருடன் நிற்க முடியாது. கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடை என்பது விடுமுறையும் இல்லை, விடைத்தாள் திருத்தும் கேம்ப், அட்மிஷன் வேலை என்று மே, ஜூன் ஓடிவிடும். அதனால் தினசரிப் பழக்கம் பிஎச்.டி. ஆய்வு மாணவர் கையில் இருக்கும். பிள்ளைகள் அவரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவார்கள். இது ஒரு குறுக்குவழி என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அக்காவிடம் கேட்கலாம், அக்காவுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கத் தன் வேலை தெளியும். ஆனால் பேராசிரியர் வாரத்துக்கு ஒரு முறையாவது, இந்தக் கிழமை இந்த நேரம் என்று குறித்து, மாணவருடன் நேரில் உட்கார வேண்டும். அதையும் அக்கா தலையில் கட்டிவிட்டால், தன் ஆய்வேட்டுக்கே நேரம் இல்லாத அவர் பாவம், மாணவரைப் பிப்பெட் கழுவ வைப்பார்.

அந்தக் குறித்த நேரம் நம் ஊரில் இன்னும் முக்கியம். நம் பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டால் எழுந்து நிற்கப் பழகியவர்கள். "சார் பிஸியா இருப்பாரு, எப்படிப் போய்க் கேக்குறது" என்று பத்து நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் "போய்க்கிட்டிருக்கு சார்" என்பார்கள். அந்த மரியாதையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அதைத் தாண்டிப் பேசவைக்கும் பொறுப்பு பெரியவரிடம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை 11 மணி என்று நேரம் குறித்துவிட்டால் கதவைத் தட்டத் தைரியம் தேட வேண்டியதில்லை.

மனசும் சேர்ந்ததுதான் வழிகாட்டல்

அமெரிக்க தேசிய அகாடமிகள் 2019-ல் அறிவியல் துறைகளில் வழிகாட்டலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. வழிகாட்டலுக்கு இரண்டு பக்கம் என்கிறது அது: தொழிலில் முன்னேற உதவுவது ஒன்று, மனதுக்குத் துணையாக இருப்பது இன்னொன்று. இரண்டாவதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசும்போது, நாம் இங்கே இருக்க வேண்டிய ஆள்தானா என்ற சந்தேகம் வரும். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பெண்ணுக்கு, சோதனை ராத்திரி எட்டு மணிக்கு முடிந்தால் வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை இருக்கும். கைடு அப்பாவிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடும் காரியம் அது. கேள்வியைத் தமிழில் விவாதித்துவிட்டு அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எத்தனையோ பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள். இதெல்லாம் தயவு தாட்சண்யம் கிடையாது, வேலையின் ஒரு பகுதி.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது

பணம் கட்டினால் பதினைந்து நாளில் 'ஆய்வு இன்டர்ன்ஷிப்' சர்டிபிகேட் என்று விளம்பரங்கள் வருகின்றன. அங்கே கேள்வி எது, யார் உங்களுடன் உட்காருவார், இடறினால் யாரிடம் போவீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அங்கே பயிற்சி இருக்கலாம், வழிகாட்டல் இல்லை. பேப்பரில் பெயர் வரும் என்று ஆசை காட்டுகிற இடத்திலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். இரண்டு மாதத்தில் கட்டுரை வெளிவருவது அபூர்வம், அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

நல்ல இடம் கிடைத்தால், முதல் சந்திப்பிலேயே வாரத்தில் எந்த நாள் பார்க்கலாம், தினசரி யாரிடம் கேட்க வேண்டும், இரண்டு மாதம் முடிந்ததும் என்ன கையில் இருந்தால் போதும் என்ற மூன்றையும் கேட்டு ஆய்வுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கைடு கோபித்துக்கொள்ளமாட்டார், சந்தோஷப்படுவார்.

விண்ணப்பம் பற்றி ஒரு விஷயம். அகாடமிகளின் திட்டம் போன்றவற்றுக்கு வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். உங்களைத் தெரியாத ஆசிரியர் நல்ல கடிதம் எழுத முடியாது. அதனால் ஏப்ரல் வரை காத்திருக்காமல் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே உங்கள் துறையில் ஒரு சாரையோ மேடத்தையோ போய்ப் பார்த்து, உங்களுக்குள் இருக்கும் கேள்வியைச் சொல்லுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, நறுக்குவதற்குத்தானே அவர் இருக்கிறார்.